நத்தைக்குக் கீழே ஒரு கோடு

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டபோது லிவியோ பெர்கொன்ஸீனி செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்றுதான். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். அவரோ இன்னும் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவிட்டு, மேலே சமதளம் வந்த பிறகுதான் சாவியைத் திருப்பினார். மலையேற்றப் பந்தயம் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பாதியில் நிற்க வராது. இது வெறும் பயிற்சி, நேரம் குறிக்க ஆள் இல்லை, கைதட்டவும் ஆள் இல்லை என்பதெல்லாம் மிதியை அழுத்தும்போது ஞாபகத்துக்கு வருகிற விஷயங்களா என்ன?

பானெட்டைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. ரப்பர் குழாய் ஒன்று நெடுக வாய் பிளந்திருந்தது. சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை.

குழாய் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதற்குக் கீழே, இன்ஜினுக்கு மூடி மாதிரி உட்கார்ந்திருந்த அலுமினிய ஹெட் எங்கேயும் கிடைக்காது. அறுபதுகளில் பொலோனியாவில் ஒரு சின்னக் கம்பெனி இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் கார்களை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் செய்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டது. உதிரிபாகம் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

விஞோலாவில் லிவியோவின் வீட்டுக் கீழ்த்தளம்தான் கராஜ். ஹெட்டைக் கழற்றி, மேஜைமேல் பழைய போர்வையை விரித்து அதில் கிடத்தினார். அடிப்பக்கத்தைத் துடைத்தார். இரும்பு நேர்கோலை நெடுக வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தார். இரண்டு முனையிலும் இருட்டு. நடுவில் மெல்லிசாக ஒரு வெளிச்சக் கீற்று.

வளைந்துவிட்டது.

"சரி" என்றார் வாய்விட்டு. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

லிவியோவுக்கு அறுபது நெருங்குகிறது. சஸ்ஸுவோலோவில் தரை ஓடு சுடும் சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மார்ஸியா பார்மாவில் இருக்கிறாள், இன்னொருவரோடு, நன்றாகவே இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. காலையில் ரொட்டிக் கடைக்காரி "எப்பவும் போலதானே?" என்பாள். இவர் "ஆமா" என்பார். சில நாட்களில் அவர் பேசுகிற பேச்சு அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும்.

மே மாதம் பிறந்தால் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மலையில் பழைய வண்டிகளின் பந்தயம் இருக்கும். சிவப்பு வண்டியை இறக்கும்போதே நாலு பக்கமிருந்தும் "லிவியோ, இங்க வாய்யா, இதைக் கொஞ்சம் பாரு" என்று கூப்பிடுவார்கள். பந்தயம் முடிந்ததும் நீள மேஜை போட்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். வண்டி இல்லாமல் வருகிறவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஹெட் போனால் வண்டி போச்சு. வண்டி போனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. இப்போது மார்ச். முதல் பந்தயத்துக்குள் நல்ல பட்டறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மோதெனாவைச் சுற்றி ஹெட் வேலைக்குப் பட்டறைக்கா குறைச்சல்? தெருவுக்குத் தெரு உண்டு. சிக்கல் அதில் இல்லை. ஹெட்டின் மூலையில், தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நகக்கண் அளவில் பஞ்ச் அடித்த ஒரு நத்தை.

அந்த நத்தை, விஞோலாவிலேயே பட்டறை வைத்திருக்கிற எர்மெஸ் தாலியாவினியின் முத்திரை.

அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஹெட்டில் வேலை முடித்தவர் தன் முத்திரையை அடிப்பார். ஒருவருக்கு மணி, ஒருவருக்குச் சாவி, ஒருவருக்குத் திராட்சைக் கொத்து. முத்திரை இருக்கிற ஹெட்டை இன்னொரு பட்டறைக்காரர் தொட வேண்டுமென்றால், முதலில் முத்திரைக்காரருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மரியாதைக்கு மட்டும் அல்ல. உள்ளே என்ன செய்திருக்கிறது, எங்கே வெல்டிங் மறைந்திருக்கிறது, இதுவரை எத்தனை தடவை அடியைச் சீவி மட்டமாக்கியிருக்கிறது என்பது அடித்தவருக்குத்தானே தெரியும்? போன் போடாமல் கத்தி வைக்கிறவனுக்கு அந்த ஊரில் அடுத்த வேலை வராது.

அதாவது, எந்தப் பட்டறைக்குப் போனாலும் எர்மெஸுக்குச் சேதி போகும். லிவியோவைக் கேட்டால், அதைவிட ஹெட்டைக் குப்பையில் போடலாம்.

இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அதற்கு முன்னால் இருபது வருஷம் இரண்டு பேரும் அந்த ஹெட்டே கதி என்று கிடந்தவர்கள். காற்று உள்ளே போகிற வழியைக் கையால் தேய்த்துத் தேய்த்து ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒருநாள் ஃபொர்மீஜினே ஊர்ப் பல் டாக்டர் ஒருவர் பந்தயத்துக்கு வந்தார். லிவியோவைவிட ஒரு கண்சிமிட்டல் குறைவான நேரத்தில் உச்சியை எட்டினார். பானெட்டைத் திறந்தால் உள்ளே நத்தை.

அன்றைக்கு நீள மேஜையில், எல்லோர் முன்னாலும், லிவியோ சொன்னார்: "எனக்குச் செஞ்சதையே அடுத்தவனுக்கும் செஞ்சு குடுக்கிற. உனக்கெல்லாம் எதுக்குடா முத்திரை? ஜெராக்ஸ் மிஷின் போதும்."

மேஜையே சிரித்தது. எர்மெஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். எழுந்து போனார். அவ்வளவுதான்.

பட்டறை வைத்திருக்கிறவன் வருகிறவனுக்கெல்லாம் வேலை செய்யத்தான் செய்வான். இது லிவியோவுக்கு ஒரு வாரத்திலேயே புரிந்துவிட்டது. புரிந்து என்ன? போனை எடுத்து வைப்பார். நம்பரைப் பார்ப்பார். நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிடுவார்.

*

முதலில் போனது சமாந்தா ரொவாத்தியின் பட்டறை. மோதெனாவுக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளைத் தரை. நாற்பதைத் தாண்டிய சமாந்தா தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் வைத்திருப்பாள்.

போர்வையைப் பிரித்ததும் அவள் ஹெட்டைப் பார்க்கவில்லை. லிவியோவைப் பார்த்தாள்.

"சூடு ஏறினதும் அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"உடனேயா?"

"ஒரு ரெண்டு வளைவு கழிச்சு."

"வர்றவங்க எல்லாருமே ரெண்டு வளைவுன்னுதான் சொல்றாங்க" என்றாள். "நான் நாலுன்னு எடுத்துக்கறேன்."

லிவியோ சிரித்துவிட்டார். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தொண்டையே சொன்னது.

அவள் அலுமினியத்தின் கடினம் பார்க்கும் கருவியை அங்கங்கே அழுத்தினாள். மேலே, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் உட்காரும் வரிசையில் அளவுகோலை ஓட்டினாள். "அடி மட்டும் வளையல. மேலேயும் சேர்ந்துதான் வளைஞ்சிருக்கு. அப்படியே மிஷின்ல வச்சு அடியைச் சீவினா, கீழே நேராயிடும், மேலே வில்லு மாதிரியே இருக்கும். கேம் ஷாஃப்ட் ரெண்டாவது ஓட்டத்துலயே ஒடையும். இதை இரும்புப் பலகையில முறுக்கி அடுப்புல வச்சு நிமித்தணும். கத்தியெல்லாம் அப்புறம்தான். அதுவும் மேலாக்கத் தடவுற மாதிரி."

லிவியோவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதைத்தான் கேட்க வந்திருந்தார். பட்டறையைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரே ஒரு அளவுதான். என்ன செய்வேன் என்று சொல்வதற்கு முன்னால் என்ன ஆச்சு என்று கேட்கிறார்களா? இவள் கேட்டாள்.

"இங்கேயே விட்டுட்டுப் போறேன்" என்றார்.

"தாராளமா." அவள் டார்ச்சை ஹெட்டின் மூலையில் அடித்தாள். கட்டைவிரல் நத்தைமேல் நின்றது. "ஓ, எர்மெஸோடதா? ஒரு நிமிஷம், ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

போன் அவள் காதுக்குப் போவதற்குள் லிவியோ போர்வையை மூடிவிட்டார்.

"வேண்டாம். இன்னைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"யோசிச்சுட்டு வர்றேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். "நானும் கேள்விப்பட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. இதுக்கா இவ்வளவு?"

"எதுக்குன்னு யார் சொன்னது உனக்கு?"

"மேஜையில சொன்னது மேஜையோட போகுமா லிவியோ? அன்னிக்குச் சிரிச்சவங்கதான் ஊரெல்லாம் சொன்னாங்க."

அவர் ஹெட்டைக் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நல்ல கனம். வண்டிக் கதவைத் திறந்துவிட அவள் ஓடிவந்தாள்.

*

அடுத்தது ரெஜ்ஜோ பக்கம், குவால்தியேரோ யோத்தி. அவர் யாரையும் எதையும் கேட்க மாட்டார், வந்ததைச் சீவித் தள்ளுவார் என்று பேர் எடுத்தவர். லிவியோ அங்கே போனதே அதற்காகத்தான் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

குவால்தியேரோ மிஷின் மேஜையையே சாப்பாட்டு மேஜையாக்கி, கீரை அடை தின்றுகொண்டிருந்தார். போர்வையை ஒரு விரலால் விலக்கினார்.

"வளைஞ்சிருச்சா? விடு. வியாழக்கிழமை வா. முகம் பாத்துச் சவரம் பண்ற மாதிரி சீவித் தர்றேன்."

"கேம் ஷாஃப்ட் வரிசை?"

"அது தானா உக்காந்துக்கும்யா."

தானாக உட்காராது. லிவியோவுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஹெட் பாழானாலும் பரவாயில்லை, எர்மெஸ் காதுக்குப் போகக்கூடாது என்கிற அளவுக்கு வந்திருந்தது.

குவால்தியேரோ எண்ணெய்க் கையால் ஹெட்டைப் புரட்டினார். நத்தை மேலே வந்தது. வாயில் இருந்த அடையை மெல்லாமல் நிறுத்தினார்.

"அடடே. ஓடிவந்த பொண்டாட்டி நீதானா?"

"என்ன பேச்சு இது?"

"பின்ன என்னய்யா? இருபது வருஷம் ஒருத்தன் வீட்ல இருந்துட்டு, இப்போ போர்வையைச் சுத்திக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்கிற. போன் போட்டுச் சொல்லாம நான் கை வச்சா நாளைக்கு என் வாசல்ல காக்கா கூட வராது." போனைத் தேடினார். "நீ பேசுறியா, நான் பேசட்டுமா?"

"ரெண்டும் வேண்டாம்."

"அந்த ஆளும் மலைக்கே வர்றதில்லையாம். தெரியுமா உனக்கு? பல் டாக்டர் கெஞ்சிக் கூப்பிட்டும் வரலையாம். ஞாயித்துக்கிழமையும் பட்டறையைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானாம், தனியா."

லிவியோவுக்கு இது தெரியாது. இத்தனை நாளும் நீள மேஜையில் எர்மெஸின் இடம் காலியாகக் கிடந்தது. பல் டாக்டரோடு வேறு மலைக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அடை சாப்பிடுறியா?" என்றார் குவால்தியேரோ, குரலைக் கொஞ்சம் இறக்கி.

"பசியில்ல."

தன் சாதாரணக் காரில் ஏறி உட்கார்ந்ததும் பசித்தது. திரும்பிப் போய்க் கேட்கவா முடியும்?

*

போ நதிக்கு அந்தக் கரையில் யாருக்கும் யாரையும் தெரியாது என்பது இந்தக் கரைக்காரர்களின் நம்பிக்கை. லிவியோ பாலத்தைத் தாண்டினார். மந்துவா போகும் வழி. இரண்டு பக்கமும் வரிசை பிசகாத நெட்டை மரங்கள், அதற்குப் பின்னால் பனிமூட்டம்.

வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். அவர் ஊர் வழக்கப்படி முத்திரைக்காரர் உயிரோடு இல்லையென்றால் போன் கிடையாது. யாருக்குப் போடுவது? ஹெட்டைத் தாராளமாகத் தொடலாம்.

தெரேஸியோ பொத்தாஸ்ஸி என்கிற அந்தப் பட்டறைக்காரர் வயலுக்கு நடுவே தனியாகத் தொழில் செய்கிறவர். ஒல்லி. பேச்சில் அவசரம் இல்லை. சமாந்தா மாதிரியே அவரும் முதலில் கேள்விதான் கேட்டார். எவ்வளவு நேரம் சூட்டில் ஓடியது, எந்தப் பெட்ரோல், எந்த வண்டி, எந்தப் பந்தயம். பிறகு மேல்வரிசையையும் அளந்தார். நல்ல பட்டறை. சந்தேகமே இல்லை.

விரல் மூலைக்குப் போனது.

"நத்தை. இது யாரோடதுங்க?"

"விஞோலா பக்கம் ஒருத்தர். எர்மெஸ் தாலியாவினின்னு." லிவியோ ஒத்திகை பார்த்ததைச் சொன்னார். "அவர் தவறிட்டார்."

சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. கூரைத் தகரத்தில் ஏதோ பறவை நடக்கிற சத்தம் கேட்டது.

தெரேஸியோ தொப்பியைக் கழற்றினார். "அடடா. வருத்தமா இருக்குங்க." பிறகு துணியில் கை துடைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, போனில் எதையோ தட்டினார். "தாலியாவினி... விஞோலா... இதோ இருக்கு, பட்டறை நம்பர்."

"எதுக்கு?" என்றார் லிவியோ.

"வீட்டு ஆளுங்ககிட்ட துக்கம் கேட்டு, அனுமதி வாங்கணும்ல? உங்க பக்கம் இல்லீங்களா? எங்க பக்கம் செத்தவர் ஹெட்னாதான் கட்டாயம் கேட்கணும். உயிரோட இருக்கிறவர் பின்னால சண்டைக்காவது வருவார். செத்தவர் வர முடியாது பாருங்க."

வேண்டாம் என்று சொல்ல லிவியோ வாயைத் திறந்தார். மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. தெரேஸியோ கையில் இன்னும் எண்ணெய் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

யாரும் எடுக்கக்கூடாது. எடுக்கக்கூடாது.

"தாலியாவினி" என்றது போன்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது. மற்றபடி அதேதான்.

"ஐயா, வணக்கம். நான் மந்துவா பக்கத்துல இருந்து பேசுறேன். பட்டறைக்காரன், பேர் பொத்தாஸ்ஸி. எர்மெஸ் ஐயா தவறிட்டதா இப்போதான் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்."

மறுமுனையில் ஒரு லேத் சுற்றிக்கொண்டிருந்தது. அது மெல்ல மெல்ல நிற்கிற சத்தம் கேட்டது.

"யார் சொன்னா?"

"அவரோட ஹெட்டைக் கொண்டு வந்திருக்கவர். பேர் லிவியோங்க. சிவப்பு வண்டி."

லிவியோ ஹெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கே பார்ப்பது? இப்போது அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நல்லது. டேய் நாயே என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், இங்கிருந்தே பதில் கத்தலாம். அப்படித்தானே இருபது வருஷம் பேசினார்கள்?

"ஆமா" என்றது போன். "போயிட்டார். நான் அவர் தம்பி பேசுறேன்."

எர்மெஸுக்குத் தம்பி கிடையாது.

"எப்போ ஆச்சுங்க?"

"ரெண்டு வருஷம் ஆகுது."

தெரேஸியோ தலையை ஆட்டினார். "ஹெட்ல நான் கை வைக்கலாமா? உங்க அனுமதி வேணும்."

"வைங்க. எழுதிக்கிறீங்களா?" குரல் நிதானமாக இருந்தது, வேலைக் குரல். "மூணாவது சிலிண்டர்ல ரெண்டு வால்வுக்கும் நடுவுல பழைய வெல்டிங் ஒண்ணு இருக்கு. தேய்ச்சு மறைச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அடுப்புச் சூட்டை ரொம்ப மெதுவா ஏத்துங்க. அவசரப்பட்டா அங்கதான் விரியும். விரிஞ்சா அதோட முடிஞ்சது. ஏற்கெனவே ரெண்டு தடவை சீவியாச்சு. இன்னும் ஒரு நகக்கனம்தான் பாக்கி. அதனால நிமிர்த்துறதுலயே முடிஞ்ச வரைக்கும் நேராக்கிடுங்க, கத்திக்கு வேலை வைக்காதீங்க. எக்ஸாஸ்ட் வால்வு உக்கார்ற சீட் எல்லாம் வெண்கலம். அதைத் தொட வேண்டாம், நல்லா இருக்கும்."

தெரேஸியோ சாக்கட்டியால் மேஜைமேலேயே எழுதிக்கொண்டார். "நீங்க சொல்லலைன்னா வெல்டிங் எனக்குத் தெரிஞ்சிருக்காது. என் வழக்கமான சூட்டுல வச்சிருப்பேன். வெடிச்சிருக்கும்."

"இன்னொண்ணு. வண்டிக்காரர்கிட்ட சொல்லுங்க. மாட்டி, ஒரு தடவை சூடாக்கி, ஆறினதும் போல்ட்டையெல்லாம் மறுபடி முறுக்கணும். அவருக்குப் பொறுமை இருக்காது. முறுக்காமலே மலை ஏறிடுவார்."

"சொல்றேன். இங்கதான் நிக்கிறார். பேசுறீங்களா?"

லிவியோவிடமிருந்து ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. தெரேஸியோ இரண்டு பேருக்கும் நேரம் கொடுத்துப் பார்த்தார்.

"வேண்டாம். எனக்கு அவரைத் தெரியாது" என்றது போன். "எங்க அண்ணனோட ஆளு அவர்."

"சரிங்க. எங்க வழக்கப்படி நத்தைக்குக் கீழே ஒரு கோடு போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். அவர் வேலை இதோட முடிஞ்சதுன்னு."

"போடுங்க" என்றது போன். வைத்துவிட்டது.

*

லிவியோ வெளியே வந்தார். வயல் வரைக்கும் நடந்தார். ஈரமண் செருப்பில் ஒட்டியது. போனை எடுத்தார், நம்பரைப் பார்த்தார். இந்தத் தடவை நாளைக்கு என்று தோன்றவில்லை. அழுத்தினார்.

"தாலியாவினி."

"நான்தான்."

"சொல்லுங்க."

இருபது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவருக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை.

"எர்மெஸ், டேய், நான் வேணும்னு சொல்லல. அந்த நேரத்துக்கு வாய்ல வந்துடுச்சு."

"நான் அவர் தம்பிங்க."

"சரி. தம்பி." லிவியோ மூச்சை இழுத்தார். "உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"அவர் இருந்தப்போ சொல்லியிருக்கலாமே. பட்டறை போன் அப்படியேதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமையில கூட எடுப்பார்."

"அன்னிக்கு மேஜையில பேசினது தப்பு."

"அப்படியா? அதை மேஜையிலதான் சொல்லணும். இங்க யார் இருக்கா கேட்க?" குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்தப் பல் டாக்டர் ஹெட் விஷயம் உங்களுக்குத் தெரியுமா? அண்ணன் அவருக்கு அந்த வடிவம் செய்யல. வேற மாதிரி செஞ்சார். டாக்டர் நல்லா ஓட்டினார், அதான் முந்தினார். நீங்க பானெட்டைத் திறந்து நத்தையைத்தான் பாத்தீங்க. காத்து உள்ளே போற வழியில ஒரு விரலை விட்டுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

விரலை விட்டுப் பார்க்கவில்லை. உண்மைதான். இருபது வருஷம் தேய்த்த விரல்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"கேட்டா சொல்லியிருப்பார். யாரும் கேட்கல. சிரிச்சாங்க."

தூரத்தில் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தம் மறையும்வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"நான் இப்போ கிளம்பி அங்க வரட்டுமா?" என்றார் லிவியோ.

"எதுக்குங்க? ஹெட்டை நல்ல இடத்துலதான் குடுத்திருக்கீங்க. எழுதிக்கிறீங்களான்னு கேட்டதும் சாக்கட்டி எடுத்த சத்தம் கேட்டுச்சு. நிறையப் பேர் எழுத மாட்டாங்க. சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்கீங்க." லேத் மறுபடி சுற்றத் தொடங்கியது. "எனக்கு வேலை கிடக்கு."

அதோடு லைன் அறுந்தது. லிவியோ திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. லேத் சத்தத்தில் கேட்காமல் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பட்டறையில் போன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். லேத்துக்கு மேலே, கை நீட்டினால் எட்டும்.

உள்ளே தெரேஸியோ ஹெட்டைத் திருப்பி வைத்து, கூரான உளி ஒன்றையும் சின்னச் சுத்தியலையும் எடுத்து வைத்திருந்தார்.

"தம்பிக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்னு நான் கேட்க மாட்டேன்" என்றார், லிவியோவின் முகத்தைப் பார்க்காமல். "எங்களுக்கு அனுமதிதான் முக்கியம். குடுத்துட்டார். ஆனா ஹெட் உங்களோடது. கோடு போட்டா போட்டதுதான், அழிக்க முடியாது. வேண்டாம்னா தூக்கிட்டுப் போங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

தூக்கிக்கொண்டு எங்கே போவது? விஞோலாவில் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அந்த வாசல்காரர் இப்போதுதான் 'எதுக்குங்க' என்று கேட்டார்.

போக முடியாது என்று இல்லை. போகலாம். பாலத்தைத் தாண்டி, ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போய் லேத்துக்கு முன்னால் நிற்கலாம். அவன் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் நிற்கலாம். பார்க்காவிட்டால்? அப்போது ஹெட்டும் இல்லை, மே மாதமும் இல்லை.

"போடுங்க" என்றார் லிவியோ.

"அப்போ ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்குங்க. அசையக் கூடாது."

பிடித்துக்கொண்டார். அலுமினியம் சில்லென்றிருந்தது. தெரேஸியோ உளியை வைத்து ஒரே அடி அடித்தார். அடி லிவியோவின் மணிக்கட்டு வரைக்கும் ஏறியது.

"முடிஞ்சது. இனிமே ஆரம்பிக்கலாம்." தெரேஸியோ சாக்கட்டியை எடுத்து, மேஜையில் எழுதியிருந்ததற்குக் கீழே இடம் தேடினார். "வேலை முடிஞ்சதும் போன் பண்றேன். நம்பர் சொல்லுங்க."

லிவியோ சொன்னார்.

"நீங்க எடுக்கலைன்னா வேற யாருக்குச் சொல்றது? வீட்ல, இல்ல கூட்டாளி யாராவது?"

லிவியோ ஹெட்டிலிருந்து கைகளை எடுத்தார்.

"நானே எடுப்பேன்" என்றார். "எப்போ அடிச்சாலும் எடுப்பேன்."